மென்று சாப்பிட ஒரு முன்பல்

பலெர்மோ, போர்கோ வெக்கியோ
நவம்பர் 28

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய திருமதி அமலினி றோபேட் அவர்களுக்கு,

ஆண்டவரின் கிருபையால், ஒரு பல் நீங்கலாக, நான் நலம். நியூ ஜேர்சியில் நீர் முழு நலத்துடன் இருக்க மன்றாடுகிறேன். கட்டின பெண்சாதிக்கு எதற்கு இந்த 'அவர்கள்' என்று சிரிக்க வேண்டாம். "பல் ஏன் வேணுமெண்டு உங்கட கையால எழுதித் தாங்கோ, நான் இங்கிலீசில மாத்திக் கந்தோருக்குக் குடுக்கிறன்" என்று கேட்டது நீர்தான்.

வரி வெட்டுமுன் உமது சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிய பணம், டிசம்பர் முடியுமுன் செலவாகாவிட்டால் உமக்கில்லை. புருஷனின் பல்லுக்கும் அது செல்லும். ஆனால் சாப்பிடுவதற்கான பல் என்றால்தான் உமது வேலையிடத்துக் கந்தோரில் தருவார்கள். அழகுக்கு என்றால் ஒரு சதமும் கிடையாது. பல் போனது நீர் அனுப்பிய, கல்லுப்போல இறுகின பொரிவிளாங்காய் உருண்டையைக் கடித்துத்தான். அதை 'விபத்து' என்று மொழிபெயர்த்துவிடும்.

பல் வைத்தியர் நல்ல மனுஷன், அதுதான் கரைச்சல். "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார், சாப்பிட முடியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவர் தலைக்கு மேலே இந்த ஊர்ப் புனிதை சந்தா றோசாலியாவின் படம், ஞாயிறுதோறும் மலையேறிப் போய் யாரிடம் என் அமெரிக்க விசாவுக்காக மன்றாடுகிறேனோ அவ முன்னால் பொய் வரவில்லை, கல்யாணம் முடிந்து பதினெட்டாம் நாள் பிரிந்து அமெரிக்கா போன மனைவி இரண்டு வருடத்துக்குப் பிறகு கிறிஸ்மஸுக்கு வருகிறாள் என்று சொல்லிவிட்டேன், அவர் கண்கலங்கி, என்னைக் கட்டிப்பிடித்து, பற்றுச்சீட்டில் 'அழகுக்காக' என்று எழுதி முத்திரையும் குத்தினார். அதை மாற்றுவிக்க, நான் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோராவைப் பொலிதேயாமாவிலுள்ள அவ வீட்டிலிருந்து மெல்ல நடத்திச் சாட்சிக்குக் கூட்டிப்போனேன். அவவோ கைத்தடியைத் தட்டி, "இவனா சாப்பிட முடியாதவன்? போன சனி ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் என் தட்டிலிருந்த கணவாயையும் சேர்த்துத் தின்றான்" என்றா. முத்திரை அப்படியே இருக்கிறது.

ஆகவே கந்தோருக்கு நான் தெரிவிப்பது: என்னால் மெல்ல முடியவில்லை. தனியே இருந்து தின்கிற சோறு எனக்கு இறங்குவதுமில்லை. அதற்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது. பல் போனதிலிருந்து நாலு மாதமாகப் போன் கமரா பழுது என்று சொன்னது பொய், அமலி. நான் உமது முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி இருக்கிறேன். "கேக்குதோ? லைன் போட்டுதோ?" என்கிறீர். லைன் போகவில்லை. உம்மைப் பார்த்தால் எனக்குக் கதைக்க வருவதில்லை, அவ்வளவு ஆசையாக இருக்கிறது. விமான நிலையத்தில் நீர் வெளியே வரும்போது வாய் நிறையச் சிரிக்க வேண்டும். இந்தப் பகுதியை மொழிபெயர்க்க வேண்டாம்.

மடுமாதா உம்மைப் பனியிலும் இரட்டை வேலையிலும் காக்கட்டும். உமது அக்கா வீட்டாருக்கு என் வணக்கம்.

உமது கணவன்,
றோபேட்

பி.கு.: இதைப் படமெடுத்து அனுப்பப் போகும்போது உமது குரல்பதிவு வந்தது. "லீவு கிடைச்சிட்டுது. கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுக்க என்னால ஏலாது, வாற வெள்ளி வாறன்." ஐந்து தரம் கேட்டேன். பல் செய்ய வைத்தியருக்கு இன்னும் மூன்று கிழமை வேண்டுமாம். கிடக்கட்டும். கந்தோருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், பல்லும் வேண்டாம், நீர் வாரும். தூரத்தில் உள்ளது தெரியவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்கிறீரே, அந்தப் பணத்தில் நல்ல மூக்குக்கண்ணாடியாக ஒன்று எடும். வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் அதைப் போடாமல் வாரும்.