காயில் அண்ணனின் வெள்ளைப் பூச்சாடிகள்

எரிந்த மோட்டாருக்குப் பூசும் வார்னிஷ் வாசனை எந்த ஊரில் மூக்கில் ஏறினாலும், எனக்குள் வெள்ளை வெளேரென்று ஏதோ எழுந்து நிற்கும். கறுப்பு வாசனைக்கு எதற்கு வெள்ளை நினைவு? காரணம் காயில் அண்ணன். ஆசைப்பட்டு வாங்கிய பொருளைத் தொடாமலே பத்து வருடம் குடித்தனம் நடத்திய மனிதர், கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் வேறொருவர் கிடையாது.

கம்பத்தில் என் வீட்டுக்கு எதிரே அவர் பட்டறை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி உயிர் கொடுப்பது தொழில், பெயர் வந்ததும் அதில்தான். சேர்ப்பதோ, ஜெர்மனியில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் செய்த வெள்ளைப் பீங்கான் பூச்சாடிகள். மலைமேல் ஏலக்காய்த் தோட்ட பங்களாவில் பம்பு பார்க்கப் போனவருக்கு, வேண்டாத சாமான் என்று ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாக்கிலிருந்து நான் எடுத்துத் திருப்பியபோது, அடியில் ஜெர்மனி என்றிருந்தது.

"நல்ல மோட்டாரும் அவன்தான் செய்றான், இதையும் அவன்தான் செய்றான். ரெண்டுக்கும் என்னமோ சம்பந்தம் இருக்கு தம்பி."

என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவருக்கும்தான். அதன்பின் கொச்சியில் பழைய சாமான் விற்பவரிடமிருந்து பார்சல் பார்சலாக வந்தது. பிரித்துப் பட்டறை அலமாரியில் அடுக்கியதெல்லாம் ஆபீசில் பேனா மட்டுமே பிடிக்கும் என் சுத்தக் கை.

ஒன்று பவளப்பாறை. ஒன்று மீன் செதில். ஒன்று பாதி உருகிய நிலா. ஒன்று, யாரோ கோபத்தில் கசக்கிப்போட்ட காகிதப்பை. மேலே மினுமினுப்பு கிடையாது. அரிசிமாவை அழுத்திச் செய்தது போலிருக்கும். அழுக்கு விரல் பட்டால் விரல் அங்கேயே தங்கிவிடும்.

அண்ணன் கையோ, வார்னிஷும் கிரீஸும் ரேகைக்குள் குடியேறிய கை. மண்ணெண்ணெய், மரத்தூள், புளி எதற்கும் அசையவில்லை. கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

"உறை போட்டுப் புடிச்சா உறைதான தம்பி புடிச்சிருக்கும்? எனக்கு ஒருநா வெறுங்கையில புடிச்சுப் பாக்கணும்."

அவர் மனைவி, எனக்கு அக்கா, அலமாரிப் பக்கமே வரமாட்டார். "ஒண்ணு விழுந்தா என்னைய மோட்டாரோட சேத்துக் கட்டிருவாக."

ஆகவே நான் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளர்தான் கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறையில் நுழையும்போது, காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மாட்டியிருந்தார்.

"கையக் கழுவுங்க."

"சாப்பாடா போடப்போறீக?"

"அந்தச் சாடிய எடுத்து மெதுவாத் திருப்புங்க."

"ஏண்ணே, அங்கன கொடி காயுது. இங்கன நான் பொம்மை காட்டணுமா? சரி, இதுல பூ எங்கன வைக்கிறது?"

"பூ வைக்கக் கூடாது."

"அப்ப பூச்சாடி எதுக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இத்தன வாங்கப்போறேன்? திருப்புங்க."

கசக்கிய காகிதப்பையை அவர் திருப்பிக்கொண்டிருக்கையில், சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கை அதற்குப் போனது. சாடி நழுவியது. காயில் அண்ணன் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து விரலும் வெள்ளையில் பதிந்துவிட்டன. அக்கா சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார், அண்ணன் வாங்கவில்லை. சாடியைக் கீழே வைக்கவுமில்லை. எரிந்த காயிலில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவதுபோல், மடிப்பு மடிப்பாக விரலால் போய்க்கொண்டிருந்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா? ஒன்றும் விளங்காமல் நாங்கள் நின்றோம். "அண்ணே, மோட்டாரு..." என்று தோட்டக்காரர் இழுத்தபோது அரை மணி ஆகியிருந்தது.

அடுத்த மாதம் எனக்கு மதுரைக்கு மாற்றல். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் மடியில் வைத்தார் அண்ணன். பிரித்தேன். கறுப்பு விரல்களோடு காகிதப்பை. கெட்டுப்போனதை என் தலையில் கட்டுகிறாரா? தெரியவில்லை. கேட்டேவிட்டேன்.

"நல்லா இருக்கிறதுல ஒண்ணத் தரக் கூடாதாண்ணே?"

வண்டி நகர்ந்தது. கூடவே நாலடி நடந்து வந்தார்.

"அதுகள நான் தொட்டதே இல்லையே தம்பி. இதத்தான் தொட்டிருக்கேன்."