ரெண்டில் ஒரு துப்பாக்கி

“ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே சார் இருக்கு?” என்று ராய்ஸ் வாயை விட்டுவிட்டான்.

கஸ்ஸின் துப்பாக்கிக் கடை மேசையில் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. ஆர்லோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். ராய்ஸ் கட்டிக்கொள்ளத் தவம் கிடக்கும் ஜோலினின் அப்பா அவர்.

“ஒரே மாதிரியா? தம்பி, இது நீளக் குழாய், பித்தளை உடம்பு. ஆடாம அசையாம நிக்கும். அது குட்டை. டிரக் சீட்டுக்குப் பின்னாடி சொருகிக்கலாம். ரெண்டுலயும் லீவரை இழுத்துத் தள்ளினா என் ரிவால்வர் தோட்டாவே ஏறும். ஒத்துமை அது ஒண்ணுதான்!”

“அப்ப எதை வாங்கப்போறீங்க?”

“அதைத்தான் யோசிக்கிறேன்.”

“இந்த ஆளு யோசிக்க ஆரம்பிச்சப்ப எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு,” என்றார் கஸ்.

ராய்ஸ் தொண்டையைச் செருமினான். “சார், எங்க கல்யாண விஷயம்…”

“முதல்ல துப்பாக்கி. ஒரு நேரத்துல ஒரு முடிவுதான் என்னால எடுக்க முடியும்.”

அப்பா சரியென்று சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று ஜோலின் கறாராகச் சொல்லியிருந்தாள். இந்த மனிதர் முடிவெடுப்பதற்குள் மொன்டானாவின் மலைகளே தேய்ந்துவிடும் போலிருந்தது.

கஸ்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டையும் இரவல் வாங்கி, ஆர்லோவைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைத்துப்போனான். ஆர்லோ காபி டப்பாக்களைச் சல்லடையாக்கினார். இரண்டிலும் ஒரு குண்டுகூடக் குறி தப்பவில்லை.

“ரொம்ப மோசம்,” என்றார் கவலையோடு. “ஏதாவது ஒண்ணு தப்பியிருந்தா வசதியா இருந்திருக்கும்.”

ராய்ஸ் பொறுமையிழந்தான். மோதிரத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் குட்டையை வாங்கி அவர் கையில் திணித்தான். ஆர்லோ அவனைக் கட்டிக்கொண்டார். மதியச் சாப்பாடு வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு கஸ்ஸுக்குப் போன் போட்டார்.

“அந்த நீளமானது இன்னும் அங்கதான் இருக்கா?” என்று கேட்கும்போதே குரல் தழுதழுத்தது.

ராய்ஸ் ஆசை ஆசையாக வைத்திருந்த பனியில் ஓட்டும் மோட்டார் வண்டியை விற்றான். நீளமும் ஆர்லோவின் வீடு வந்து சேர்ந்தது. இனிமேல் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? சனிக்கிழமை காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

ஜோலினின் அம்மா வெர்னா கதவைத் திறந்தாள். முகம் பேயறைந்தது போலிருந்தது.

“வெர்னா!” என்று சமையலறையிலிருந்து ஆர்லோவின் குரல். “மான் வேட்டைக்கு எதை எடுத்துட்டுப் போகட்டும்? குட்டையா, நீளமா? இங்க வந்து தூக்கிப் பாரேன்!”

“விடிஞ்சதுலேருந்து இதே பாட்டு,” என்றாள் வெர்னா.

“கல்யாணத்துக்கு அவர் என்ன சொல்றார்?”

“அவர் சரின்னுட்டார். நான்தான் ஒரு கண்டிஷன் போடறேன்.” வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். “அவர் முடிவுக்கு வரும்போதெல்லாம் ‘இன்னொண்ணுதான் அழகு’ன்னு குழப்பிவிட்டு, சனிக்கிழமை தவறாம அந்தக் கடைக்கு அனுப்பிவெச்சது நான்தான். ரெண்டையும் வாங்கிக் குடுத்து என் நிம்மதியில மண்ணைப் போட்டியே! மகளோட அவரையும் கூட்டிட்டுப் போ. இனிமே உனக்கு அவர் வீட்டோட மாமனார்!”