இல்லாத கடைக்குப் போன போர்வைகள்

கோயமுத்தூரில் சிக்கனக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இட்லி வந்து சேரும் செலவைக்கூடக் குறைக்க முடியுமா என்று யோசித்த ஒரே மனிதர் எங்கள் ‘வடமேற்கு’தான்.

ஆர்.எஸ்.புரத்தில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சரக்கு அனுப்பும் பிரிவு. கல்லூரியில் கணிதம் படித்தவர். எந்தக் குடோனிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினால் லாரிச் செலவு குறையும் என்று கட்டம் போட்டுப் பார்ப்பார். இடது மேல் மூலையில் தொடங்கு, அங்கே இருப்பதைத் தீர்த்துவிட்டு நகரு. இதற்கு வடமேற்கு மூலை முறை என்று பெயராம். பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

கட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் இலையின் இடது மேல் மூலையில் என்ன வைப்பார்கள்? உப்பு. மனிதர் உப்பைத் தீர்த்துவிட்டுத்தான் ஊறுகாய்க்கு வருவார். அவர் பொரியலைத் தொடுவதற்குள் பக்கத்து இலைக்காரர் மோர் குடித்துக்கொண்டிருப்பார். ஏன் இந்தக் கொடுமை என்று கேட்டால், இது வெறும் தொடக்கம், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்பார். பந்தியில் யார் திருத்த விடுகிறார்கள்?

போன வருடம் முதலாளி ஒரு குண்டைப் போட்டார். எங்களுக்கு ஈரோட்டிலும் சென்னிமலையிலும் குடோன் உண்டு. லாரி வாடகை தாங்கவில்லை, சென்னிமலைக் குடோனைத் தீபாவளியோடு மூடிவிடலாம் என்றார். மூடினால் அங்கே போர்வை மடித்துக் கட்டும் சரசக்காவுக்கும் கூட இருக்கும் பெண்களுக்கும் வேலை போய்விடும். சரசக்கா போனில் அழுதார். “குடோன மூட உடமாட்டேனுங்க அம்மணி,” என்று வடமேற்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கட்டம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். கடைசியில் கட்டம் அவரையே கவிழ்த்தது. கடைகள் கேட்டதைவிடக் குடோன்களில் சரக்கு அதிகம். அப்படி மிஞ்சினால், கணக்கு நேராவதற்காக இல்லாத கடை ஒன்றைக் கட்டத்தில் சேர்த்து, மிச்சத்தை அதன் பேரில் எழுதுவது வழக்கம். உண்மையில் அந்தச் சரக்கு எங்கேயும் போகாது. மிச்சம் முழுக்கச் சென்னிமலையின் தலையில் விழுந்தது. அதாவது அந்தக் குடோனே வேண்டாம் என்று அவர் போட்ட கட்டமே சொல்லிவிட்டது.

பேரில்லாத கடை என்றால் முதலாளி அபசகுனம் என்பார். அதனால் வடமேற்கு அந்த இல்லாத கடைக்கு ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று பேர் எழுதிவைத்தார். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைவிடப் பெரிய தப்பு செய்ய முடியாது. எந்த ஊரில் முருகன் ஸ்டோர்ஸ் இல்லை? எங்கள் லாரி டிரைவர் ரஃபீக் பாய் கட்டத்தைப் பார்த்தார், அதுதான் சரக்கு அனுப்பும் பட்டியல் என்று நினைத்தார், சென்னிமலையில் சரக்கை ஏற்றினார், விசாரித்துக்கொண்டே போய்க் காங்கேயத்தில் ஒரு முருகன் ஸ்டோர்ஸில் அத்தனையையும் இறக்கிவிட்டார்.

விஷயம் எங்களுக்குத் தெரியவே சில நாள் ஆயிற்று. வடமேற்கு கடைக்காரருக்கு போன் போட்டார். தப்பு நடந்துவிட்டது, சரக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினார்.

“நாங்க கேக்கலைதானுங்க,” என்றார் கடைக்காரர். “ஆனா வாசலுக்கு வந்த சரக்கத் திருப்பி அனுப்பறது மரியாதை இல்லீங்களே. பாதிக்கு மேல வித்துப்போட்டேனுங்க. இன்னுங் கொஞ்சம் அனுப்பறீங்களா?”

பக்கத்துக் கடைகளும் கேட்டன. சென்னிமலையிலிருந்து காங்கேயம் கிட்டத்தில் இருப்பதால் வாடகையும் கம்மி. முதலாளி குடோனை மூடும் பேச்சை விட்டுவிட்டார். ஆபீஸே சிரித்தது, வடமேற்கு மட்டும் சிரிக்கவில்லை. இல்லாத கடை எப்படி ஆர்டர் கொடுக்கும் என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சண்டை போட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையைக் கண்ணால் பார்க்கக் காங்கேயத்துக்கு பஸ் ஏறினார். எங்கள் போர்வையையே அங்கே சில்லறை விலைக்கு வாங்கி, இன்னொரு பஸ் பிடித்துச் சென்னிமலைக்குக் கொண்டுபோய், தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சரசக்காவிடம் நீட்டினார்.

“ஏனுங்க, இத நாந்தானுங்களே மடிச்சு அனுப்புனேன்,” என்று சரசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாராம்.

திங்கட்கிழமை நான் விடவில்லை. போன சரக்கைக் காசு கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தது எந்த முறை என்று கேட்டேன். “அதெல்லாங் கட்டத்துல வராதுங்க,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.