மயிரிழைக்குப் பேரம்

ஷெர்காசி வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது முற்றத்தில் அண்டா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி புருல்கான் கத்தியைக் கல்லில் தீட்டியபடியே அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு, அவனைத் தாண்டி, காரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த கஷ்காவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை ஷெர்காசிக்குப் பிடிக்கவில்லை. சந்தையில், வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டவன் பார்க்கிற பார்வை அது.

கஷ்கா அவனுடைய கிடா. நெற்றியில் வெள்ளைப் பட்டை, தாடைக்குக் கீழே தாடி மாதிரி தொங்கும் ரோமம், பின்னால் தலையணை அளவுக்குக் கொழுப்பு வால். இரண்டு வருஷமாகப் பார்லியும் பச்சை முட்டையும் ஊட்டி வளர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் கிடாப் போட்டி. காலையில்தான் நகரத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்தான்: நூற்று நாற்பத்திரண்டு கிலோ. எடை போட்டவனே தொப்பியைக் கழற்றிவிட்டான். பின் இருக்கை முழுக்கப் பார்லி மூட்டைகள் ஏறிவிட்டதால், திரும்பும்போது கஷ்காவைத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டான்.

டோலோன் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் எதிரே நிலக்கரி லாரி. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை லாரிதான். ஷெர்காசி கண்ணை மூடிக்கொண்டான். வண்டி ஓட்டுகிறவன் அந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். சடக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் லாரியைக் காணோம், காரின் இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கக் கண்ணாடியைக் காணோம், மற்றபடி உலகம் வைத்த இடத்திலேயே இருந்தது.

நேரே வீட்டுக்கு வந்திருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் உயிர் தப்பியவனுக்குக் கால் தரையில் பாவாது. வாய் அதைவிட மோசம். வழியில் டீக்கடையில் இறங்கி, அங்கிருந்த ஏழு பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். முதல் தடவை சொன்னபோது லாரி சாதாரண அளவில் இருந்தது. மூன்றாம் தடவை அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டியும் சேர்ந்துகொண்டது. "மயிரிழை" என்றான். தன் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். அந்த உற்சாகத்தில், "இதுக்கு என் கஷ்காவையே அறுத்து ஊருக்குப் போட்டாலும் தகும்" என்றும் சொல்லி வைத்தான்.

அவன் சொன்னது பேச்சுக்கு ஓர் அலங்காரம். ஆனால் ஏழு பேரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, "ஓமியின்", அப்படியே ஆகட்டும், என்று முடித்துவிட்டார்கள். கண்டம் தப்பியவன் துலோ விருந்து போட வேண்டும், அது வழக்கம். எதை அறுப்பது என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்கு ஓமியினும் விழுந்துவிட்டால், கை குலுக்கி முடித்த வியாபாரம் மாதிரி. சரக்கை மாற்ற முடியாது.

அவன் டீக்கடையை விட்டுக் கிளம்புவதற்குள் ஏழு பேரில் ஒருவன் புருல்கானுக்குப் போன் போட்டிருந்தான்.

வேறு வழியில்லை. சரக்கை மாற்ற முடியாவிட்டால் கண்டத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டியதுதான். லாரி அவ்வளவு ஒன்றும் கிட்டத்தில் வரவில்லை, ஒரு முழம் இருக்கும் என்று ஆரம்பித்தான். புருல்கான் காரைச் சுற்றி வந்தாள். முழ தூரத்தில் போன லாரி கண்ணாடியை எப்படிப் பிடுங்கிக்கொண்டு போயிற்று என்று கேட்டாள்.

கண்ணாடி லாரியால் போகவில்லை, அதற்கு முன்பே ஒரு மரத்தில் இடித்துப் போயிற்று என்றான் ஷெர்காசி.

"மரத்துல வேற இடிச்சீங்களா?" புருல்கான் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ ரெண்டு கண்டம். ஒரு கிடா பத்தாதுங்க. எங்கண்ணன் கிட்ட இன்னொண்ணு கேக்கறேன்."

அவள் போனைக் கையில் எடுக்கவும் ஷெர்காசி அவசரமாக மரத்தை வாபஸ் வாங்கினான். மொல்தோ வந்து தீர்ப்புச் சொல்லட்டும் என்றான். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மொல்தோ எஷிம் ஏற்கெனவே தெருவில் வந்துகொண்டிருந்தார். கொழுப்பு வால் கொதிக்கும் வாசனை அவருக்கு அறுப்பதற்கு முன்பே எட்டிவிடும்.

மொல்தோவிடம் கறாரான கணக்கு இருந்தது. ஆபத்து விரல்கடை தூரத்தில் போனால் ஆடு. முழ தூரத்தில் போனால் சேவல். அதற்கும் அப்பால் என்றால் எண்ணெயில் பொரித்த ஏழு ரொட்டி போதும். ஷெர்காசி ரொட்டியில் ஆரம்பித்தான். மொல்தோ ஆட்டில் நின்றார். கால் மணி நேரம் இழுத்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தைப் புருல்கான் விரலால் அளந்து காட்டியதும் பேரம் மொல்தோ பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் ஷெர்காசிக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. அவனுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். ஊரில் மற்ற வண்டிகளுக்கு இடப்பக்கம் இருக்கிற ஸ்டியரிங் இதற்கு வலப்பக்கம். லாரி உரசிக்கொண்டு போனது இடப்பக்கம்.

"நல்லாப் பாருங்க மொல்தோ. லாரிக்கு விரல்கடையில இருந்தது நானில்ல, கஷ்கா. எனக்கும் லாரிக்கும் நடுவுல ஒரு முழு கிடா இருந்துச்சு. கண்டம் அதுக்குத்தான். எனக்கு ஒரு சேவல் போதும்."

தரகர்களே அசந்து போகிற வாதம். புருல்கான்கூட ஒரு நிமிஷம் யோசித்தாள். மொல்தோ தாடியை உருவிவிட்டுக்கொண்டார்.

"நியாயந்தான். கண்டம் கிடாவுக்குன்னா விருந்து போட வேண்டியதும் கிடாதான்" என்றார். "பாவம், அதுகிட்ட தன்னைத் தவிர வேற என்ன இருக்கு?"

ஷெர்காசிக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்புத்தான் வந்தது. உயிர் தப்பிய சிரிப்பு இன்னும் உள்ளே மிச்சமிருந்தது. சிரித்துக்கொண்டே போய்க் கஷ்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கடைசியாக ஒரு பச்சை முட்டையை ஊட்டினான். பிறகு தொழுவத்துக்குப் பின்னால் போய், எல்லாம் முடிந்துவிட்டது என்று புருல்கான் கூப்பிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிற்பகல் ஊரே விரிப்பில் உட்கார்ந்திருந்தது. கறி அருமை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு பாராட்டும் ஷெர்காசியின் நெஞ்சில் குத்தியது. இரண்டாவது தட்டு சுற்றிவரும்போது, கரி படிந்த சட்டையோடு ஒரு நெட்டை ஆள் உள்ளே வந்தான். கையில் உடைந்த கார்க் கண்ணாடி. லாரிக்காரன் தினாலி. டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

வந்தவன் கோபமாகப் பேசவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை நீட்டினான். அந்தக் காரை ஓட்டி வந்தவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போக வந்தேன் என்றான்.

கண்டத்தில் பங்குள்ளவன் இவன், இவன்தான் இன்றைய முதல் விருந்தாளி என்று மொல்தோ அவனைத் தலைமை இடத்தில் உட்கார வைத்தார். தினாலி டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லைங்க. அந்த வளைவுல அசந்துட்டேன். கண்ணைத் திறந்தா எதிர்ல கார். பெல்ட் போட்டுக்கிட்டு, அசையாம, நேரா என்னையே பார்த்துக்கிட்டு வர்றாரு. ஒரு பயம் இல்ல, ஒரு பதட்டம் இல்ல. அந்த மொகத்தைப் பார்த்த அதிர்ச்சியிலதான் தூக்கம் கலைஞ்சு ஸ்டியரிங்கை ஒடிச்சேன். வேற யாராவது ஓட்டிட்டு வந்திருந்தா ரெண்டு பேருமே இப்ப இல்லை."

கூட்டம் மொத்தமும் திரும்பி ஷெர்காசியைப் பார்த்தது. புருல்கான் கல்யாணமான புதிதில் பார்த்தது மாதிரி பார்த்தாள். கஷ்கா போன துக்கம் ஷெர்காசிக்கு மெல்ல ஆறியது. நெஞ்சை நிமிர்த்தி, ஆபத்து நேரத்தில் நிதானம்தான் முக்கியம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்.

தினாலி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்களா?" என்றான் தயங்கி. "தாடி எடுத்துட்டீங்களாண்ணே?"

அதற்குள் மொல்தோ முதல் விருந்தாளிக்கு உரிய மரியாதையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். புருல்கான் வெந்த கிடாத்தலையை ஒரு தட்டில் வைத்து, தினாலிக்கு நேர் எதிரே, அவனைப் பார்த்தபடி வைத்தாள். தினாலி குனிந்தான். கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்ல எழுந்து நின்றான்.

"அண்ணே, வண்டி ஓட்டிட்டு வந்தவரு இவருதான்."