விமானத்தின் மூக்கில் என் வாட்ச்

பூமி சாய்ந்துதான் சுற்றுகிறது என்று யாராவது பேலன்ஸ் பாயிடம் சொல்லியிருந்தால், அதை நிமிர்த்திவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், அடிப்பாகம் ஒட்டுகிற செக்‌ஷனுக்கு அவர் சூப்பர்வைசர். நான் அங்கேயே ஆபீஸில். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேன்டீனில் பிரியாணித் தட்டு வந்தால் உடனே சாப்பிட மாட்டார். இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்ப்பார். சாய்கிற பக்கத்திலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து எதிர்ப்பக்கம் வைப்பார். துண்டு போதவில்லையென்றால் என் தட்டிலிருந்து எடுத்து வைப்பார். ஒருமுறை ராணிப்பேட்டை பஸ்ஸில் ஏறியவர், பின்பக்கம் கனம் ஜாஸ்தி என்று ஆட்களை முன்னால் அனுப்ப ஆரம்பித்தார். அவர் அதட்டிய அதட்டலில் எல்லோரும் மாறி உட்கார்ந்தார்கள். கண்டக்டரும் மாறி உட்கார்ந்தார்.

இந்தப் பைத்தியத்துக்கெல்லாம் மூலகாரணம் அவர் செய்கிற ரிமோட் விமானங்கள். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை மட்டும் எட்டடி, உள்ளே பெட்ரோல் எஞ்சின். விமானம் ஹாலுக்கு வந்த அன்று சோபா மாடிக்குப் போனது. விருந்தாளிகள் இறக்கைக்குக் கீழே பாயில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொள்வார்கள்.

இது மூன்றாவது விமானம். முதல் இரண்டும் வால் கனத்து விழுந்தன. வால் கனத்தால் விமானம் மிரண்ட ஆடு மாதிரி முன்னங்காலைத் தூக்கும், அப்புறம் யார் பேச்சையும் கேட்காது. ஒன்று ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தலைக் கிழித்தது. இன்னொன்று தோல் பதனிடுகிற ஷெட் ஒன்றுக்குப் பின்னால் ஈரத்தோல் குவியலில் மூக்கைச் சொருகியது. அதைக் கழுவி வீட்டுக்குள் கொண்டுவந்த வாரம் சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் மனைவியை நாங்கள் பாபி என்போம். மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பாபி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பறந்து ஒழுங்காக இறங்கினால் விமானத்துக்கு ஹால் சீலிங்கில் ஒரு கொக்கி. விழுந்தால் மிச்சம் காயலான் கடைக்கு, இனி இந்த வீட்டில் காற்றாடிகூடக் கூடாது. பாயும் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

அந்த வாரம் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய விமானத்தை விரலில் தூக்கிப் பேலன்ஸ் பார்க்க முடியாது. லன்ச் நேரத்தில் தெரிந்தவருடைய தோல் ஷெட்டுக்கு என்னை இழுத்துப்போனார். தோல் காயப்போடுகிற கம்பியில் கயிறு கட்டி, இறக்கையில் குறித்துவைத்த இடத்தில் சுருக்குப் போட்டு விமானத்தைத் தொங்கவிட்டார். டேங்க் காலி. சுற்றிலும் தொங்கிய தோல்களுக்கு நடுவில் அதுவும் ஒன்றாகத் தொங்கியது.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி மூக்கு லேசா கீழ பாக்கணும்பா. அண்ணாந்து பாத்தா திமிரு. போய்டும்."

அது அண்ணாந்துதான் பார்த்தது. ஷூவின் அடியில் வைக்கிற இரும்புப் பட்டைகளில் கழித்துப் போட்டவற்றைக் கொண்டுவந்து மூக்குக்குள் ஒவ்வொன்றாகத் திருகினார். கடைசிப் பட்டையில் மூக்கு நாணத்தோடு தாழ்ந்தது. அதற்கப்புறம் விமானத்தின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தாலும் என்னைத்தான் முறைத்தார்.

ஞாயிறு காலை பாலாற்று மணலுக்குப் போனோம். பாபியும் பிளாஸ்கில் டீயோடு வந்திருந்தார். கிளப்புவதற்கு முன்னால் கரையோர வேப்பமரக் கிளையில் கட்டி இன்னொரு முறை பார்த்தார் பாய். வால் தொப்பென்று இறங்கியது.

மரத்தில் நான் சாய்ந்து நின்றேனா என்று பாய் கேட்டார். பல்லி ஏதாவது உள்ளே போயிருக்குமோ என்று தட்டிப் பார்த்தார். கடைசியில் குனிந்து வாலுக்கு அடியில் பார்த்தார். கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. அதுவும் எங்கள் ஊர்த் தாயத்து, தடித்த அடித்தோலில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தது. அந்தக் கனத்துக்கு ஒரு செருப்பே தைத்திருக்கலாம்.

"நான்தான் கட்டினேன்," என்றார் பாபி. "ரெண்டு தபா விழுந்துச்சே. நீங்க ரெண்டு நாளு பேசவே இல்ல."

பாயின் கை கயிற்றுக்குப் போனது. ஈக்குக்கூட இடம் தராத மனுஷன், இப்போது அறுத்து எறியப்போகிறார், இங்கேயே ஒரு யுத்தம் நடக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தோஸ்த்," என்றார் பாய். "வாட்ச கழட்டு."

வால் நீளம், மூக்கு குட்டை. வாலில் கொஞ்சம் கனம் ஏறினால் மூக்கில் அதைப் போல இரண்டு மூன்று பங்கு ஏற்ற வேண்டுமாம். இரும்புப் பட்டைகள் கம்பெனியில் கிடந்தன. ஆற்றில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை, மணல் எஞ்சினுக்கு ஆகாது. என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட ஸ்டீல் செயின் வாட்ச், எஞ்சினைத் தாங்குகிற கட்டையில் மாட்டப்பட்டது. மூக்கு பதவிசாகக் குனிந்தது.

விமானம் கிளம்பியது. பாபியின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. நானும் எல்லா சாமியையும் கூப்பிட்டேன், வாட்ச் என்னுடையதாயிற்றே. விமானம் ஆற்றுக்கு மேலே தண்ணீர்க் குடம் சுமந்தவள் மாதிரி அலுங்காமல் சுற்றி வந்து, மணலில் மெத்தென்று உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. பாபி பிளாஸ்க் மூடியில் முதல் டீயைப் பாய்க்கு ஊற்றினார்.

"எறங்கிடுச்சு இல்ல, தாயத்த அவுத்துடவா? உங்க பேலன்ஸு கெடுது."

"தொடாத," என்றார் பாய். அவர் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப அத எடுத்தா மூக்கு கனம் ஜாஸ்தியாய்டும். இனிமே அது இருந்தாத்தான் பேலன்ஸு."

பாபி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்கின் உள்மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

தாயத்து இருக்கும் வரை என் வாட்சும் அங்கேதான் இருந்தாக வேண்டும். விமானம் இப்போது ஹால் சீலிங்கில் மூக்கு தாழ்ந்து தொங்குகிறது. ஸ்டூலில் ஏறி மூக்குப் பக்கம் காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். என் வீட்டில் வேறு வாட்ச் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். நான் வாங்கவில்லை. மணி பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வாரம் ஒரு தடவையாவது பாய் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.