ஒரு மாதம் பேசக் கூடாது

ஒன்பது வயதுச் சிறுமி வாயை அகலத் திறந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளுடைய அப்பாதான் பதில் சொன்னார். டிவி பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இன்னும் பத்தே நாள். நேற்றுவரை கணீரென்று இருந்த குரலைக் காலையில் எழுந்தால் காணோம், காற்றுதான் வருகிறது. ஊசியோ மாத்திரையோ, குரல் வந்தாக வேண்டும் என்றார்.

டாக்டர் இருபது வருடமாகக் காது, மூக்கு, தொண்டை பார்ப்பவர். குழாயை விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார். கழுவித் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இருமச் சொன்னார். அவள் இருமியதில் அறையே அதிர்ந்தது. குரல் போனவர்களுக்கு இருமல் அப்படி வராது.

ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் என்று அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உனக்குக் குரல் போகவே இல்ல. அப்படித்தானே?"

சிறுமி மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டை இழுத்து எழுதினாள்: 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அங்கிள்.' கண் நிறைந்திருந்தது.

அப்பா விட்டுப்போன கோப்பில் அவளுடைய தினசரி அட்டவணை இருந்தது. விடியற்காலை நாலரைக்குப் பாட்டுச் சாதகம். பள்ளிவிட்டு வந்ததும் மறுபடி சாதகம். ஐஸ்கிரீம் கூடாது, ஓடிப்பிடித்து விளையாடக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது. டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், தப்பிக்க வேறு வழி தெரியாமல் குழந்தை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பொய்ச் சீட்டு எழுதினார்: 'ஒரு மாதம் பாடக் கூடாது. பேசவும் கூடாது.'

அத்தோடு அந்தக் குழந்தைக்கு விடுதலை என்று நிம்மதியாக இருந்தார். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். திரை முழுக்க அவர் எழுதிய சீட்டு. டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் அதையே கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்னணியில் ஒரு வயலின் விம்மியது. நாலாவது இடத்தில் இருந்த சிறுமி முதல் இடத்துக்கு வந்திருந்தாள்.

"உங்க போன்லேருந்தும் ஒரு ஓட்டு போட்டுட்டேன்" என்றாள் மனைவி.

"அவளால பாட முடியாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். அப்புறம் எதுக்கு ஓட்டு?"

"அதனாலதாங்க."

டாக்டர் நிகழ்ச்சி இயக்குநருக்குப் போன் செய்து, குழந்தையைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். இயக்குநர் மிகவும் மரியாதை தெரிந்தவர். இவ்வளவு முக்கியமான விஷயத்தை நேரில் வந்து கேட்டுக்கொள்வதுதான் முறை என்றார். மூன்று கேமராக்களோடு வந்து கேட்டுக்கொண்டார். இந்தக் குழந்தை இனி மேடை ஏறக் கூடாது என்று டாக்டர் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒளிபரப்பானபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. இந்த முறை வயலின் இரண்டு.

ஓட்டு மளமளவென்று குவிந்தது. குழந்தை பாடவே வேண்டாம், மேடையில் வந்து நின்றால் போதும் என்று சேனல் பெரிய மனது பண்ணி அறிவித்தது.

டாக்டர் பதறிப்போனார். குரல் போனதால்தானே இத்தனை வம்பும், அதைத் திரும்ப வரவழைத்துவிட்டால்? அப்பாவைப் போனில் பிடித்து, நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, ஒரே வேளையில் பேசிவிடுவாள் என்றார்.

"திங்கட்கிழமை வரட்டுமே டாக்டர்" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் குரல் வந்துடாமப் பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்டரைச் சிறப்பு விருந்தினராக முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். விருந்தினருக்கும் முகப்பூச்சு உண்டு என்று அவர் முகத்திலும் கொஞ்சம் அப்பியிருந்தார்கள். முதலில் ஒரு மெக்கானிக்கின் மகன் பாடினான். ஒரு பிசிறு இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வலி இல்லை என்று நடுவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததாகச் சிறுமி வெள்ளை கவுனில் வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் சும்மா நின்றாள். அரங்கமே தேம்பியது.

"இந்த மௌனத்துல சுருதி அவ்வளவு சுத்தமா இருந்துச்சும்மா" என்றார் அதே நடுவர்.

சிறுமிக்கு முதல் பரிசு. பிறகு டாக்டரை மேடைக்கு அழைத்து, நாலு வார்த்தை பேசும்படி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மானம் போனாலும் சரி, உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் படி ஏறினார். சிறுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நிறைந்த கண். டாக்டர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேக்கப் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பொய்யால் எத்தனை பேரை ஏமாற்றிவிட்டோம், நன்றாகப் பாடிய பையனின் பரிசையும் கெடுத்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. போகட்டும், போட்டியில் மாட்டிக்கொண்டு தவித்த குழந்தை பத்து நாளாவது பாடாமல் இருந்ததே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மேக்கப் போடுகிற அம்மா பஞ்சை நனைத்துக்கொண்டு வந்து, அவர் கன்னத்துப் பவுடரை மெதுவாகத் துடைத்தாள்.

"கடைசி வாரத்துக்கு ஏதாவது ஒரு குழந்தைக்கு நோவு வர வைக்கிறது இங்க எப்பவும் நடக்கிறதுதான் சார், போன வருஷம் காது. ஆனா அந்த டாக்டருக்கு எவ்வளவோ சொல்லிக் குடுத்துப் பாத்தாங்க, உங்கள மாதிரி அழவே வரல."