கீரிமலைக்கு மட்டும் ஒதுக்கி வைத்த சொல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள கோயில், குளம், கடல், கோட்டை அத்தனையையும் ஆங்கிலத்தில் வானளாவப் புகழ்ந்து, வாய் மூடுமுன்னரே தமிழில் குப்பையில் போடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் கிராம அலுவலருக்கும் மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் பிறெத்தர்.

ஆங்கிலத்தில் பிறெத்ரேக்கிங் என்று ஒரு சொல் இருக்கிறது. ஓர் இடத்தைக் கண்டதும் அதன் அழகில் பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடுகிறதாம். அந்தச் சொல்லை அவர் கீரிமலையைத் தவிர வேறெந்த இடத்துக்கும் கொடுக்கமாட்டார். கூட்டிவந்த வெள்ளைக்காரரை அங்கே கடலையொட்டிய நன்னீர்க் கேணியின் கரையில் வரிசையாக நிறுத்துவார். கையிலிருக்கும் கறுப்புக் குடையைக் கடலை நோக்கி நீட்டி, "பிறெத்ரேக்கிங்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுவார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு போவார். மூச்சு நிற்காதவர்களை அவருக்குப் பிடிக்காது.

கொழும்பில் ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவர். உல்லாசப் பயணிகளுக்கென்று அடிக்கப்படும் வழவழத்தாள் புத்தகங்கள்தான் அங்கே முக்கிய வேலை. பாதி உலகத்தின் வர்ணனை அவருடைய சிவப்புப் பேனைக்குக் கீழால் போயிருக்கிறது. மலைத்தொடர், அருவி, பள்ளத்தாக்கு, பாழடைந்த அரண்மனை எல்லாவற்றையும் எழுத்துப்பிழையில்லாமல் அறிவார். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. வேலையை விட்டு அளவெட்டிக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்தது ஒரு சூட்கேசும், மண்டை நிறைய வர்ணனைச் சொற்களும். அந்தச் சொற்களைச் செலவழிக்க எங்கள் ஊரைப் போல் மோசமான இடம் வேறில்லை. ஆறு கிடையாது, அருவி கிடையாது. தட்டையான செம்மண், பனை, கிணறு, வெங்காயம். மலை என்று ஒன்று உண்டு. அதுவும் கீரிமலையின் பெயருக்குள்தான்.

ஆனாலும் மனிதர் தளரவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டியாக இறங்கினார். அவருக்கு வான் ஓட்டிய மேதை நான்.

நான் ஏன் வான் ஓட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, எல்லாரும் செய்கிறார்கள் என்று நானும் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, பயணிகள் தங்கும் ஹோம்ஸ்ரே என்று இணையத்தில் போட்டேன். முதல் வருடத்தில் வந்து தங்கியவர்கள், வழி தவறிய இரண்டு சைக்கிள்காரரும் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியும். தம்பி குசினியிலேயே குடியிருந்தான். சைக்கிள்காரர் இணையத்தில் ஒரேயொரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் எங்கள் நாய்க்காம்.

என் மனைவி சறோ அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வருகிற தைக்குள் ஆள் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கனடாவில், ரொறன்ரோவில் மகளோடு போய் இருப்பது. மகளின் வீட்டு நிலக்கீழ் அறையை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு குழாய், முற்றத்துப் பனி மட்டத்தில் ஒரு ஜன்னல். எஞ்சிய ஆயுளுக்கு அந்த ஜன்னலால் மனிதர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பதா? ஆகவே, பிறெத்தர் கூட்டிவரும் பயணிகளில் யாராவது எங்கள் வீட்டில் தங்கமாட்டார்களா என்று வானை எடுத்தேன்.

பிறெத்தரின் தொழில் முறை எளிது. ஓர் இடத்துக்கு ஒரு சொல். மருதனார்மடத்து ஆஞ்சநேயர் சிலைக்கு இம்போஸிங். அண்ணாந்து பார்க்கவைக்கும் கம்பீரம் என்று அர்த்தம். ஒரு ஜேர்மன்காரர் பாவம், சிலையைப் பார்த்து "நைஸ்" என்று சொல்லிவிட்டார். பிறெத்தர் அவரை வானில் ஏறவிடாமல் மறித்தார். "நொட் நைஸ். இம்போஸிங்." அந்த மனிதர் இரண்டு தடவை பிழையில்லாமல் சொல்லிக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

மருதனார்மடம் சந்தைக்குப் பஸ்லிங். சனமும் இரைச்சலுமாகக் களைகட்டிய இடம் என்று பொருள். ஒரு நாள் நாங்கள் போய்ச் சேரும்போது பின்னேரமாகிவிட்டது. சந்தையில் ஒரு மாடும், ஒரு கத்தரிக்காய்க்காரியும், அவவின் கொட்டாவியும் மட்டும் இருந்தன. பிறெத்தர் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இறங்கிப் போய்ப் பேரம் பேசும்."

"எனக்குக் கத்தரிக்காய் தேவையில்லை அண்ணை."

"உம்மை ஆர் கேட்டது? சத்தமாய்ப் பேசும்."

பேசினேன். அந்த மனிசி எனக்கு விசரென்று நினைத்து விலையைக் குறைத்தா. நான் விடாமல் கத்தியதைப் பார்த்து இன்னும் குறைத்தா. மாடு பயந்து ஓடியது. "பஸ்லிங்!" என்றது வானுக்குள்ளிருந்து ஒரு குரல். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்.

இதெல்லாம் ஆங்கிலப் பாதி. தமிழ்ப் பாதி எனக்கு மட்டும் சொல்லப்படும். ஆஞ்சநேயரை இம்போஸிங் என்றவர் திரும்பி, "எவ்வளவு சீமெந்து வீண்" என்பார். அளவெட்டியில் நாதஸ்வரம் பழகும் சத்தம் கேட்டால் வானை நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடி, மனதை விட்டு அகலாத இசை என்ற பொருளில் "ஹோன்ரிங்" என்று உருகுவார். கண்ணைத் திறந்ததும், "உவன் ஆறு மாசமாய் உதே இடத்திலை பிழைவிடுறான், எடும் வானை" என்பார்.

இதற்காக அவரைப் பழிப்பதற்கு எனக்கும் தகுதியில்லை. எங்கள் ஊரில் புகழ்ச்சி என்பது கிருமிநாசினி மாதிரி. குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால் "கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம்" என்போம். கல்யாணச் சாப்பாடு அமிர்தமாக இருந்தால் "குறை சொல்லேலாது" என்று சொல்லிக் கை கழுவுவோம். எல்லாவற்றுக்கும் மேலே, சிகரத்தில், ஒரு சொல் இருக்கிறது: பரவாயில்லை. நான் சறோவின் சமையலை அப்படிப் புகழ்ந்தது கல்யாணமான புதிதில். அதற்காக இன்றுவரை அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள். பிறெத்தர் அதைக்கூட யாருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டு ஏப்பம் விட்டு அவர் வழங்கும் அதிகபட்ச சான்றிதழ், "உப்புக் கிடக்கு."

கார்த்திகை மாதம் ஹெலன் என்ற பெண்மணி லண்டனிலிருந்து வந்தா. ஒரு பயணக் கம்பனிக்காக ஊர் ஊராகப் போய்த் தங்கும் வீடுகளைத் தெரிவு செய்பவ. ஒரு நாள் சுற்றிப் பார்த்து, இரவு எங்கள் வீட்டில் தங்கி, பிடித்தால் எங்களைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பா. பிடிக்காவிட்டால் எனக்குச் சப்பாத்து ஜன்னல்.

அவ வருவதற்கு முதல் நாளே பிறெத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஒரு நல்ல சொல் வேண்டும் என்று கேட்டேன். அவர் குடையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டிலில் இருந்து எழும்பிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஃபங்ஷனல்" என்றார். பாவிக்கலாம் என்று அர்த்தம். பொதுக் கழிவறைக்குச் சொல்லுவார்கள்.

"அண்ணை, பிறெத்ரேக்கிங் எண்டு..."

"அது கீரிமலையின்ரை."

"சரி, கோஸி எண்டாவது சொல்லுங்கோ."

"கோஸி எண்டால் குளிருக்குள்ளாலை வந்து கணகணப்பாய் இருக்கிறது. உம்மடை அறை சும்மாவே வேகுது."

"ரஸ்ரிக்? பழைய நாட்டுப்புறத்துப் பாணி?"

"அதுக்கு வேணுமெண்டு அப்பிடிக் கட்டியிருக்கோணும். நீர் ஏலாமல் விட்டது."

குசினிக்குள் சறோ சிரித்தது எனக்குக் கேட்டது. ரொறன்ரோவுக்குப் போகப் பெட்டி அடுக்கும் சிரிப்பு.

மறுநாள் ஹெலன் வந்தா. நரைத்த தலை, தூசி படிந்த சப்பாத்து, அதிகம் பேசாத வாய். பிறெத்தர் தன் முழுச் சரக்கையும் இறக்கினார். ஆஞ்சநேயருக்கு முன்னால் இம்போஸிங். ஹெலன் தலையாட்டினா. சந்தையில் பஸ்லிங். நல்ல காலம், அன்றைக்குச் சந்தையில் உண்மையாகவே சனம். எனக்குக் கத்தரிக்காய் வாங்கும் வேலை மிச்சம். ஹெலன் அதற்கும் தலையாட்டினா. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அவர் என் காதில் தமிழ்ப் பாதியைப் போடுவதையும் அந்தப் பெண்மணி கவனித்துக்கொண்டே வந்தா. நான் அதைக் கவனிக்கவில்லை. நான் பாதையைக்கூட ஒழுங்காகக் கவனிப்பதில்லை.

கடைசியாகக் கீரிமலை. பிறெத்தர் தொண்டையைச் செருமினார். குடையை நீட்டினார். "பிறெத்ரேக்கிங்."

ஹெலனுக்கு மூச்சு நிற்கவில்லை. சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. பிறெத்தரின் முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பினார். "வாரும் போவம். உதிலை என்ன கிடக்கு? நாலு பேர் குளிக்கிறாங்கள்."

அப்போதுதான் ஹெலன் வாயைத் திறந்தா. இவர் காலையிலிருந்து என் காதில் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார் என்று கேட்டா. என்னிடம்தான் கேட்டா.

என் இரண்டு அறைகளும், அடித்த வெள்ளையும், ரொறன்ரோக் குழாயும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, உப்புக் கடலும் நன்னீர்க் கேணியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஆண்டவன் அருள் என்று சொல்கிறார் என்றேன். அழகாகத்தான் வந்தது. நானே கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன்.

"பிழை" என்றார் பிறெத்தர்.

காலமெல்லாம் புரூஃப் பார்த்த மனிதர். ஒரு பிழை கண்ணுக்கு முன்னால் போக, கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவரால் முடியாது. தான் சொன்னதை வரிக்கு வரி, கமா புள்ளி பிசகாமல் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். நாலு பேர் குளிப்பதையும் விடவில்லை. அதோடு நிறுத்தினாரா? யாரும் கேட்காமலே ஆஞ்சநேயரின் சீமெந்துக்கும் போனார். பிறகு சந்தையின் அநியாய விலைக்கு. எனக்குக் குளிர ஆரம்பித்தது. ரொறன்ரோக் குளிர்.

ஹெலன் சிரிக்கத் தொடங்கினா. கேணிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. இந்தச் சொற்களையெல்லாம் கம்பனிப் புத்தகங்களுக்கு எழுதிக் கொடுப்பதும் தன் வேலைதான் என்றும், போகிற நாட்டுக்கெல்லாம் பிறெத்ரேக்கிங் என்று எழுதி எழுதித் தனக்கு ஓரிடத்திலும் மூச்சு நின்றதில்லை என்றும் சொன்னா. இன்றைக்குச் சிரித்துத்தான் கொஞ்சம் மூச்சு முட்டியதாம். இனி எதைப் பார்த்தாலும் தமிழில் சொல்வதைத்தான் தனக்குச் சொல்ல வேண்டும் என்று பிறெத்தரிடம் கேட்டுக்கொண்டா.

மிச்சம் இருந்தது எங்கள் வீடு மட்டும்.

அன்று இரவு சறோ புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைத்திருந்தாள். சந்தைச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கறியில் அவளுக்குக் கை நன்றாகத் திரும்பியிருந்தது. ஹெலன் சாப்பிட்டு முடித்தா. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பிறெத்தரைப் பார்த்தா. இந்த வீடு?

குசினிக் கதவுக்குப் பின்னால் சறோவின் நிழல் அசையாமல் நின்றது. நான் ஃபங்ஷனலுக்குத் தயாரானேன். உப்புக் கிடக்கு என்றாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறெத்தர் புட்டுக் கோப்பையைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். இத்தனை மாதமாகத் தான் சாப்பிட்ட அந்த மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"பரவாயில்லை" என்றார்.

குசினிக்குள் ஒரு மூடி விழுந்து உருண்டது. ஹெலன் என் பக்கம் திரும்பினா. அர்த்தம் என்ன என்று அவவின் புருவம் கேட்டது. ஒரு தடவை அடிபட்ட நான் பிறெத்தரைத்தான் பார்த்தேன். அவர் மிச்சப் புட்டைக் குழம்போடு பிசைந்துகொண்டே, குடையும் இல்லாமல், குரலையும் உயர்த்தாமல் மொழிபெயர்த்தார்.

"பிறெத்ரேக்கிங்."

கீரிமலை தன் ஏகபோகத்தை இழந்தது அந்த இரவில்தான்.

ஹெலன் எங்களைப் பட்டியலில் சேர்த்தா. மற்ற வீடுகளுக்கெல்லாம் கண்ணைக் கவரும், மனதை மயக்கும் என்று நாலைந்து வரி. எங்கள் வீட்டுப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல், ஆங்கில எழுத்தில்: பரவாயில்லை. இப்போது படலையில் இறங்கும் வெள்ளைக்காரர்கள் அதைத்தான் வணக்கம் என்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டு சொல்கிறார்கள். சறோ ரொறன்ரோப் பேச்சை விட்டுவிட்டாள். பெட்டிக்குள் இப்போது விருந்தாளிகளின் துவாய்கள்.

ரொறன்ரோவுக்குப் போனது பிறெத்தர். அங்கேயிருக்கும் அவருடைய மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். குடையையும் கொண்டுபோனார். போன கிழமை வாட்ஸ்அப்பில் வந்தார். முகத்தில் பாதியும் மேல்கூரையும் தெரிந்தன. மகன் நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போனானாம். காலமெல்லாம் தாளில் பார்த்த அருவியை மனிதர் கடைசியில் கண்ணால் பார்த்துவிட்டார்.

"எப்பிடி அண்ணை?"

"தண்ணி விழுது."

"ஆங்கிலத்திலை?"

"அந்தச் சொல்லைக் கொண்டு வரேல்லை. கொண்டு வந்திருந்தாலும் உதுக்குக் குடுக்கிறதாய் இல்லை." கொஞ்சம் செருமினார். "ஊர் எப்பிடி?"

அவரிடமிருந்து பொறுக்கிய சொற்கள் என்னிடமும் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். காலியாகக் கிடந்த மேசையின் மற்றப் பக்கத்தையும் பார்த்தேன்.

"என்ன கிடக்கு இஞ்சை" என்றேன், "நீங்களும் இல்லாமல்."

முதல் தடவையாக அவர் என்னைத் திருத்தவில்லை.